சர்வர் கேட்ட கேள்வியும் சிற்பி சொல்லாத பதிலும்

தூரத்தில் இருக்கும் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு வேலையை ஏவிவிட்டு, அவன் பதில் சொல்லும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். இதற்கு ஆங்கிலத்தில் ரிமோட் புரொசீஜர் கால் என்று பெயர். உங்கள் ஃபோனில் திறந்திருக்கும் வலைப்பக்கத்தில் நீங்கள் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தப் பக்கம் எங்கோ இருக்கும் சர்வரிடம் 'இந்த வேலையைச் செய்' என்று சொல்கிறது. சர்வர் செய்துவிட்டு, 'செய்தேன்' என்கிறது. அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நம்பி இத்தொழிலில் இறங்கிய அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் பட்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

எந்த ஓட்டல்?

செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் மாடி வீடு ஒன்று வாடகைக்குப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் தயாளன், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "இன்னா வேல பாக்குற?" என்றார். "சர்வர் வேலைங்க" என்றேன். அவர் என் சட்டையையும் கண்ணாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்த ஓட்டலு?" என்றார்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அந்தத் தப்பிலிருந்தே விளக்க ஆரம்பித்துவிடுவேன். "ஓட்டல் மாதிரியேதான் சார். வலைப்பக்கம்தான் மேஜை. அங்கே உட்கார்ந்து மசால் தோசைன்னு சொன்னா, சர்வர் உள்ளே போய்க் கேட்டுட்டு வந்து, ஒண்ணு தோசையை வைப்பான், இல்லே தீர்ந்துபோச்சும்பான். சமையலறையில என்ன நடக்குதுன்னு மேஜைக்குத் தெரியவேண்டாம்" என்று கால் மணி நேரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப ஓட்டல் சர்வருதான நீ? இத்த சொல்றதுக்கா இவ்ளோ நேரம்? சரி, நாஸ்தா நேரத்துல வூட்ல இருப்பியா, மாட்டியா?"

ஒரே எழுத்தில் ஒரு வாக்கியம்

எங்கள் நிறுவனத்தில் இரண்டே பேர். சர்வர் பக்கம் நான். அதைக் கூப்பிடும் வலைப்பக்கத்தைச் செய்பவன் மோகன். கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவன். டீ போடுவதற்குக்கூடச் சரிபார்ப்புப் பட்டியல் வைத்திருப்பவன். எங்களைத் தேடி வந்தவர் மாமல்லபுரம் செல்வராணி. சொந்தமாகச் சிற்பக்கூடம் வைத்து எட்டுச் சிற்பிகளுக்கு வேலை கொடுப்பவர். அவர் பேச்சைக் கேட்டு, அவருடையதையும் சேர்த்து அங்கே பத்துக் கூடங்கள் ஒன்று சேர்ந்திருந்தன. அதுவரை எல்லா ஆர்டரும் நாகலிங்கம் என்ற தரகரின் ஃபோன் வழியாகவே வந்தது. யாருக்கு என்ன சிலை, எந்தக் கல், எந்த லாரி என்பதெல்லாம் அவர் தலைக்குள். சிற்பிகள் பெயரில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதும் அவர்தான். அவருக்குப் பிடித்தவர்களுக்கு வேலை. பிடிக்காதவர்களுக்கு 'சொல்லி அனுப்புறேன்'. செல்வராணி பிடிக்காதவர் பட்டியலில் இருந்தார். நாகலிங்கம் செய்யும் வேலையை ஒரு சர்வர் செய்யவேண்டும் என்பதுதான் அவர் எங்களிடம் கேட்டது.

"பத்துக் கூடத்துக்காரங்ககிட்டயும் மூணு மாசம் டைம் வாங்கிகீறேன் சார்" என்றார். "மூணாவது அமாவாசைக்குப் பட்டறைங்க எல்லாம் லீவு. அன்னிக்குப் பத்துப் பேரும் உக்காந்து பேசுவாங்க. உங்க சர்வரு சரியா ஓடலைன்னா மறுபடியும் நாகலிங்கம்தான். நானு போயி அந்தாளு வாசல்ல நிக்கணும். என் எட்டுப் பேருக்கும் வேல கடைசியாத்தான் வரும்."

இப்படி ஒருவர் சொன்னபிறகு ஒழுங்காக வேலையை ஆரம்பிப்பதுதான் நியாயம். நான் இலக்கணத்தில் ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் இரண்டு மதங்கள் உண்டு. ஒன்று உலகத்தைப் பெயர்ச்சொல்லாகப் பார்க்கும்: 'சிலை', 'லாரி', 'ஆர்டர்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் கொடுக்கும். மற்றது வினைச்சொல்லாகப் பார்க்கும்: 'செய்', 'அனுப்பு', 'கேள்'. நான் இரண்டாவது மதம். தமிழில் 'வா' என்ற ஒரே எழுத்து முழு வாக்கியம். இப்படிப்பட்ட மொழியை வைத்துக்கொண்டு பெயர்ச்சொல்லைக் கட்டி அழுவானேன்? ஆகவே சர்வரின் வேலைகளுக்கெல்லாம் தமிழிலேயே ஏவல் பெயர் வைத்தேன்: 'சிற்ப வேண்டுகோளைப் பதிவுசெய்க', 'கருங்கல் இருப்பை வினவுக', 'ஊர்தி வேண்டுக'. பொத்தான்களிலும் அதே பெயர்கள். பெருமையோடு செல்வராணியிடம் காட்டினேன். அவர் மூன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், 'ஆர்டர் போடு'ன்னு எழுதுனா கம்ப்யூட்டரு கோச்சிக்குமா?"

இருக்கியா?

கோபித்துக்கொள்ளவில்லை. 'ஆர்டர் போடு', 'கல் கேளு', 'லாரி அனுப்பு' என்று மாற்றினேன். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று வலைப்பக்கம் அவ்வப்போது விசாரிக்க ஒரு அழைப்பு வேண்டும். அதற்கு மோகன் வைத்த பெயர் 'இருக்கியா'. பதில், 'இருக்கேன்'. சில நொடிக்கொரு முறை இது நடக்கும். எல்லாம் பதிவேட்டிலும் ஏறும். முதல் வாரம் செல்வராணி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது திரையில் பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது. இருக்கியா, இருக்கேன், இருக்கியா, இருக்கேன். மேலிருந்து கீழ் வரை அதுதான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மோகனிடம் சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு கல்லு வாங்க வெளியூரு போனா நானும் இப்படித்தான் கேப்பேன், ஆனா பாதிக்கு மேல பதிலு வராது."

ஏற்புடையதன்று

பொத்தான்களில் தோற்றாலும் பிழைச் செய்திகளில் என் தமிழை விட்டுக்கொடுக்கவில்லை. பிழைச் செய்திதான் ஒரு சர்வரின் குணத்தைக் காட்டும் இடம். வெற்றியில் யாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஒருவர் உயரம் போட வேண்டிய கட்டத்தில் வேறு எதையாவது எழுதினால், சர்வர் மறுத்துவிட்டு இப்படிச் சொல்லும்: 'தாங்கள் அளித்த உயரம் ஏற்புடையதன்று.' 'அல்ல' என்று போட்டிருக்கலாமே என்பீர்கள். கூடாது. உயரம் ஒருமை, ஒருமைக்கு 'அன்று', பன்மைக்குத்தான் 'அல்ல'. ஊரே தப்பாக எழுதுகிறது என்பதற்காக என் சர்வரும் எழுதவேண்டுமா?

வேடந்தாங்கலில் நிலபுலத்தோடு, பறவை பார்க்க வருகிறவர்களுக்காக நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் வரதன் என்பவர். வாசலில் வைக்க ஒரு கூழைக்கடா சிலை கேட்டு எங்கள் பக்கத்தில் ஆர்டர் போட்டார். உயரத்தில் 'நம்ம இடுப்பளவு' என்று எழுதியிருந்தார். சர்வர் தன் கடமையைச் செய்தது. அவர் திரும்பவும் போடவில்லை, புகாரும் செய்யவில்லை, பத்து நாள் காத்திருந்தார். பிறகு செல்வராணிக்கு ஃபோன் செய்தார். செல்வராணி என்னிடம் கொடுத்தார். குரலில் கோபமே இல்லை; நல்ல மனிதர்.

"சார், என் உசரம் ஏற்புடையது, அன்று அப்படின்னு போட்டுகீது. சந்தோசம். அந்த 'அன்று' என்னிக்கு சார்? தேதியே போடலையே!"

டின்னுக்குள் போன பதில்

கருங்கல் தூசி சார்ஜர் துளையில் போனால் ஃபோன் செத்துப்போகும். அதனால் மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் ஃபோனைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைப்பார்கள். தகர டின்னுக்குள் சிக்னலும் போகாது. இது எங்களுக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி வைத்திருந்த ஒருவர் செல்வராணியிடம் நேரில் வந்து, வரவேற்பறைக்கு மூன்றடியில் ஒரு யாளி கேட்டார். செல்வராணி பொத்தானை அழுத்தினார். உடனே டின்னில் போட்டு மூடினார். கேள்வி வெளியே போய்விட்டது. சர்வர் ஆர்டரைப் பதிந்து 'பதிந்தேன்' என்றது. அந்தப் பதில் டின் மூடியில் முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து டின்னைத் திறந்ததும், பதில் கிடைக்காத வலைப்பக்கம் நல்ல பிள்ளையாகத் திரும்பவும் கேட்டது. அது மோகனின் ஏற்பாடு. பதில் வராவிட்டால் மறுபடி கேட்பதுதானே மரியாதை? சர்வரும் இன்னொரு ஆர்டரைப் பதிந்தது. அது என் ஏற்பாடு. கேட்டால் செய்வதுதானே மரியாதை? இரண்டு மரியாதைகள் சேர்ந்து இரண்டு யாளி.

வேலை போனது பெருமாள் என்பவரின் கூடத்துக்கு. மிருகங்களில் அவர் கை தனி. அவருக்கு இரண்டு ஆர்டரும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன: ஒரே பெயர், ஒரே உயரம், ஒரே விலாசம். வேறு ஊராக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மாமல்லபுரத்துச் சிற்பிக்கு எப்படி வரும்? யாளி வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நிற்பதுதானே வழக்கம்! அவர் யோசித்து, இரண்டாவதன் தலையை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார். கணினியில் தப்பாகப் பதிந்ததை அழித்துவிடலாம். மூன்றடிக் கருங்கல்லை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது?

விடுதிக்காரர் எடுத்துப்போக வந்த அன்று நானும் செல்வராணியும் முன்கூட்டியே மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு நின்றோம். இரண்டு யாளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றன. "ஒண்ணுதான் சார் உங்களோடது, இன்னொண்ணு எங்க தப்பு" என்று நான் ஆரம்பித்தேன். அவர் இங்கும் அங்கும் நடந்து பார்த்தார். பிறகு இரண்டையும் ஏற்றச் சொன்னார். இப்போது ஒவ்வொரு ஆர்டரும் ஃபோனிலிருந்து கிளம்பும்போதே தனக்கென ஒரு சீட்டு எண்ணோடு கிளம்புகிறது. அதே எண் திரும்பி வந்தால், ரேஷன் கடைக்காரர் அட்டையைப் பார்த்தவுடன் சொல்வது போல, 'உங்களுக்குப் போட்டாச்சு' என்று சர்வர் பழைய பதிலையே சொல்லும். ஆனாலும் அந்த விடுதிக்காரர் சொன்னதை மறக்க முடியவில்லை: "ஒண்ண மட்டும் நான் கூட்டிகினு போயிட்டா, இன்னொண்ணு யாரப் பாத்துகினு நிக்கும்?"

முடியாத அம்மன்

லாரி விஷயத்தில் நான் ஒரு கறாரான விதி எழுதியிருந்தேன். ஆரம்பத்தில் ஒருமுறை, காது மட்டும் செதுக்கிய யானையை ஏற்றிப்போக லாரி வந்து நின்று திட்டிவிட்டுப் போனது. அதன் பிறகு, சிற்பி தன் ஃபோனில் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினால்தான் 'லாரி அனுப்பு' வேலை செய்யும். யானை, சிங்கம், விளக்குத்தூண், தோட்டத்துக்குத் தவளை என்று எத்தனையோ போயின. ஒரு தகராறும் இல்லை. எனக்கு இந்த விதிமேல் தனிப் பிரியமே இருந்தது.

மூன்றாவது அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் செல்வராணி ஃபோன் செய்தார். மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு அம்மன் சிலை. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் சிலையைத் தண்ணீரில் வைக்கவேண்டும், நெல்லில் வைக்கவேண்டும். அதற்கு அன்று மாலைக்குள் சிலை ஊர் போய்ச் சேரவேண்டும். சிலை தயார். லாரி மட்டும் வரவில்லை. "ஊருல மேளம் சொல்லி, பந்தல் போட்டுட்டாங்க சார். செல போய்ச் சேரலைன்னா அமாவாசைக்கு நானு வாயத் தொறக்க முடியாது. நாகலிங்கத்துக்கு எப்படியோ விஷயம் போயிகீது. இப்பவே சிரிச்சிகினு கீறாரு." செங்கல்பட்டில் பதிவேட்டைத் திறந்தேன். சர்வரில் ஒரு பழுதும் இல்லை. லாரி அனுப்பும் அலுவலகம் 'முடிந்ததா' என்று பல நாளாக விடாமல் கேட்டிருக்கிறது; சர்வரும் விடாமல் 'சிற்பம் இன்னும் முடியவில்லை' என்றிருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். மோகன் கல்பாக்கத்திலிருந்து நேராக வந்துவிட்டான்.

அம்மன் குளித்து, எண்ணெய் பூசி, வைக்கோல் சுற்றிப் புறப்படத் தயாராக இருந்தாள். பக்கத்தில் செல்வராணியின் தலைமைச் சிற்பி ஏகாம்பரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார், முதல் நாளிலிருந்தே எங்கள் சர்வரை 'உன் மிஷினு' என்றுதான் சொல்வார். அன்று எங்களுக்குள் நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"அண்ணே, சிலை முடிஞ்சிடுச்சா?"

"முடியலையே சார்."

"இன்னும் என்ன பாக்கி?"

"கண்ணு."

"அதை எப்போ திறப்பீங்க?"

"கோயில்ல. இங்க தொறக்கக் கூடாது. அங்க நேரம் பாத்து, திரை கட்டி, நானே போயி தொறக்கணும். அப்பத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"சிலை எப்போ கோயிலுக்குப் போகும்?"

"லாரி வந்தா போவும்."

"லாரி எப்போ வரும்?"

"அத்த உன் மிஷினுதான சார் சொல்லணும்!"

எங்கள் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். இரண்டு மரியாதைக்காரர்கள் ஒரே வாசலில் 'நீங்க போங்க', 'நீங்க முதல்ல போங்க' என்று சாயங்காலம் வரை நிற்பது. லாரி கண்ணுக்காகக் காத்திருந்தது. கண் லாரிக்காகக் காத்திருந்தது. யானைக்கும் தவளைக்கும் கண் திறக்கும் சடங்கு கிடையாது, ஆகவே இதுவரை பிழை வெளியே வரவில்லை. வழிபாட்டுக்குப் போகும் முதல் சிலை இதுதான். 'முடிந்தது' என்ற வினைமுற்றை நான் எழுதியபோது, அது எங்கே முற்றும் என்று யாரையும் கேட்கவில்லை. இத்தனை இலக்கணம் பேசுகிறவனுக்கு இது தேவைதான்.

"இப்போதைக்கு அழுத்திடுங்களேன் அண்ணே" என்றேன். ஏகாம்பரம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்தப் பொத்தானை அழுத்தினால் அவர் பெயரோடு 'சிற்பம் முடிந்தது' என்று கோயிலுக்கு ஒரு செய்தி போகும். அது அவருக்குத் தெரியும். "கண்ணு தொறக்காத செலய முடிஞ்சதுன்னு எழுத்துல குடுக்கச் சொல்றியா? வேற ஆளப் பாரு" என்று எழுந்து போய்விட்டார். என்னிடம் இன்னொரு வழி இருந்தது. சர்வரின் சாவி என் கையில்; பின்பக்கமாகப் போய் ஒரே வரியில் அவர் பெயரில் 'முடிந்தது' என்று நானே மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. மடிக்கணினியைத் திறந்தேன். அதற்குள் செல்வராணி என் முகத்தைப் படித்துவிட்டார். அன்று தோற்றால் எல்லாவற்றையும் இழக்கப்போகிறவர் அவர்தான். அவர்தான் சொன்னார்: "வாணாம் சார். அவரு பேர்ல நீங்க பதிலு சொல்லிட்டா, அப்புறம் உங்களுக்கும் நாகலிங்கத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்தது

கல்லைப் பிளக்கிற ஊரில் சொல்லைப் பிளக்க முடியாதா? ஒரு பாதி செதுக்கிய தூணின்மேல் உட்கார்ந்து, 'முடிந்தது' என்பதை இரண்டாக ஆக்கினேன். சிலை பட்டறையை விட்டுப் போகலாம் என்பது ஒன்று. கண் திறந்தாயிற்று என்பது மற்றது. லாரிக்கு முதலாவது போதும். கோயிலுக்குச் செய்தி போக இரண்டாவது வேண்டும். முதலாவதற்கு 'புறப்பாட்டுக்கு ஆயத்தம்' என்று பெயர் வைக்கப் போனேன். மோகன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, "அண்ணே, சிலை இப்போ இருக்கிற நிலைமைக்கு நீங்க என்ன சொல்வீங்க?" என்றான். "கெளம்பலாம்" என்றார் அவர். பொத்தானில் அதுவே ஏறியது.

யானைக்காரர்களுக்குப் பழைய பொத்தான் போதும். அது அப்படியே இருக்கட்டும், புதியது பக்கத்தில் வரட்டும் என்று மோகன் சொன்னான். மற்ற ஒன்பது கூடங்களிலும் அன்று வேலை நின்றுபோகாமல் காத்தது அந்த ஒரு முடிவுதான். எல்லாவற்றையும் தன் பட்டியலில் வரிவரியாகச் சரிபார்த்துவிட்டு, புதுப் பக்கத்தை ஏகாம்பரத்தின் ஃபோனில் திறந்து நீட்டினான். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. உளி தேய்த்த விரலைத் திரைக்கு அடையாளம் தெரியவில்லை. வேட்டியில் துடைத்து மறுபடி அழுத்தினார். 'லாரி கிளம்பியது' என்று பதில் வந்தது. செல்வராணி அதை இரண்டு முறை படித்தார். டின்னில் போட யாரும் அவசரப்படவில்லை.

மதியத்துக்குள் லாரி வந்தது. ஓட்டுநர் இறங்கி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தன் ஃபோனையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்திடம் கேட்டார்: "முடிஞ்சாத்தான் லாரின்னு இத்தினி நாளா சொல்லிகினு இருந்தானுங்க. இப்ப முடியலைன்னும் போட்டுகீது, லாரியும் வந்துகீது. இன்னா அண்ணாத்த, சிஸ்டம் ரிப்பேரா?"

அமாவாசைக் கூட்டம்

சிலை மாலைக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் லாரி வராமல் அது நின்றுகிடந்த செய்தி அதற்கு முன்னாலேயே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அமாவாசையன்று செல்வராணியின் கூடத்தில் பத்துப் பேரும் கூடினார்கள். உளிச் சத்தம் இல்லாத நாளில் அந்த இடம் வேறு ஊர் போல இருக்கிறது. நாகலிங்கமும் வந்திருந்தார்; கூப்பிட்டார்களா, தானே வந்தாரா என்று தெரியவில்லை. என்னைவிட நன்றாகப் பேசினார். "நா ஒண்ணும் அவங்க மிஷின குத்தம் சொல்லல. ஒரே ஒரு கேள்வி. அந்தம்மன் செலைக்கு நானா இருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? ஏகாம்பரத்துக்கு ஃபோன் போட்டு, 'இன்னாப்பா, ஆச்சா?'ன்னு கேட்டிருப்பேன். அவன் 'ஆச்சு'ன்னிருப்பான். லாரி வந்திருக்கும். உண்டா, இல்லையா?"

உண்டு. நானே ஒப்புக்கொள்வேன். இரண்டு மூன்று தலைகள் ஆடின. செல்வராணி பதில் சொல்ல எழுந்தார். அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஏகாம்பரம் பேச ஆரம்பித்தார். எங்கள் சர்வருக்கு ஆதரவாகப் பேசப்போகிறார் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அவரும் அப்படி நினைத்துப் பேசவில்லை.

"உண்மதான் நாகலிங்கம். நீ கேட்டிருந்தா நானு 'ஆச்சு'ன்னுதான் சொல்லியிருப்பேன். நீ எப்ப கேட்டாலும் 'ஆச்சு'ன்னுதான சொல்லிகினு கீறேன், இத்தினி வருசமா? பாதி நாளு கல்லே வந்திருக்காது."

பெருமாள்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். எல்லோரும் சிரித்ததற்குக் காரணம், எல்லோரும் நாகலிங்கத்துக்கு அதே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். ஏகாம்பரத்துக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை, "வாயில சொல்றது வேற, எழுத்துல குடுக்கறது வேற இல்லியா?" என்று சீரியஸாகக் கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். செல்வராணி அதற்குமேல் ஒன்றும் பேசவேண்டியிருக்கவில்லை. "அப்ப வச்சிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். எட்டுக் கைகள் உயர்ந்தன. மீதி இரண்டில் டீ கிளாஸ் இருந்தது, அவை கிளாஸோடு உயர்ந்தன. நாகலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். ஏதோ சுடச்சுடக் கேட்கப்போகிறார் என்று நான் தயாரானேன். தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நைனா, அவனுங்க நெஜத்த அழுத்துற அந்தப் பக்கத்த எனக்கும் கொஞ்சம் தொறந்து காமிப்பியா?"

தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு வேலை சொல்வதை ஒரு வாரத்தில் எழுதிவிட முடிகிறது. அவர் 'முடிந்தது' என்றால் எது முடிந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் மிச்சச் சம்பளம்.